ஒரு பவுண்டுக்குப் பதினான்கு அடி

தலைமையாசிரியையின் கடிதம் வந்த அன்று தபீதாள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தலையணைக்கு அடியிலிருந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தாள்.

கடிதத்தில் இருந்தது ஐந்தாறு வரிதான். பள்ளிக்கூடம் ஜூன் ஆறாம் தேதி திங்கட்கிழமை திறக்கிறது. அன்று காலையில், வேலைக்குத் தகுதி என்ற டாக்டர் சான்றிதழோடு வந்து ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போட்டால் இடம் அவளுடையது. வர முடியாமல் போனால், இப்போது பதிலுக்கு வந்திருக்கும் அபிதகுஜாம்பாளையே நிரந்தரமாக்கிவிட நிர்வாகம் தீர்மானித்திருக்கிறது. கர்த்தர் உங்களைத் தாங்குவாராக, இப்படிக்கு சாராள் அசரியா.

வேறு யாராவதாக இருந்தால் அழுதிருப்பார்கள். இல்லை, முழங்கால் போட்டிருப்பார்கள். தபீதாளுக்கு இரண்டும் வரவில்லை. அது 1966ஆம் வருஷம், மார்ச் மாதம். தாம்பரம் சானடோரியத்தில், பெண்கள் வார்டின் பதினோராம் கட்டிலுக்கு அவள் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஜனவரியில் இடது பக்கத்தில் ஏழு விலா எலும்புகளை எடுத்துவிட்டார்கள். புண்பட்ட நுரையீரலை அமுக்கி ஓய்வு கொடுக்க அப்படி ஒரு வைத்தியம் அன்றைக்கு இருந்தது. அதற்குப் பிறகு இடது அக்குளிலிருந்து மார்பின் கீழ்விளிம்பு வரைக்கும் தோலுக்கு உணர்ச்சி இல்லை. ஆயா கங்கையம்மாள் கொண்டுவரும் சூடான பால் டம்ளரை அந்த இடத்தில் வைத்துப் பார்ப்பாள். டம்ளர் இருப்பது தெரியும், சூடு தெரியாது. சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது என்று சொல்லியிருந்தார்கள். உள்ளேயும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது அவளுக்கு. கடிதம் இருப்பது தெரிந்தது.

ஆனால் கணக்கு வந்தது. கணக்கு எப்போதும் வரும்.

நாசரேத் பக்கத்தில் ஒரு சின்ன சபையின் உபதேசியார் யேசுதாசனின் கடைசி மகள் அவள். உதவிப் பணத்தில் மெட்ராஸ் வந்து, இங்கிலீஷில் பௌதிகம் படித்து, ஆசிரியப் பயிற்சிக்கு பி.டி.யும் முடித்து, 1953இல் தாம்பரத்துப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். பதின்மூன்று வருஷம். இங்கிலீஷில் படித்ததைத் தமிழில் சொல்லிக் கொடுத்தாள். எனர்ஜிக்கு ஒரு புத்தகத்தில் சக்தி என்றிருக்கும், அடுத்த புத்தகத்தில் ஆற்றல் என்றிருக்கும். பிள்ளைகள் குழம்பாமல் பார்த்துக்கொண்டாள். அடியும் பவுண்டும் போய் மீட்டரும் கிலோவும் வந்தபோது வகுப்பில் புதியதைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, தனக்குள் பழையதிலேயே கணக்குப் போட்டுக்கொண்டாள். கல்யாணம் ஆகவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆசிரியைகளுக்கென்று இருந்த வரிசை அறைகளில் ஒன்று அவளுடையது. வேலை போனால் அந்த அறையும் போகும். அண்ணன் ஜெபராஜ் பொழிச்சலூரில் இருந்தான். இரண்டு அறை வீடு, நாலு பிள்ளைகள். அண்ணி போன கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்பியபோதே கூடவே ஒரு சீட்டும் எழுதி வைத்திருந்தாள்: உங்களைப் பார்க்கத்தான் ஆசை, ஆனால் பிள்ளைகள் இருக்கிற வீடு.

ஆகையால் ஜூன் ஆறு.

பௌதிக ஆய்வுக்கூடம் பள்ளிக்கூடத்தின் மாடியில் இருந்தது. இருபத்து நாலு படி, படிக்கு ஏழு அங்குலம், ஆகப் பதினான்கு அடி உயரம். அளந்து பார்க்கத் தேவையில்லை. வருஷா வருஷம் பெண்களை விட்டு அளக்கவைத்தது அவள்தான். ஒரு பவுண்டை ஓர் அடி உயர்த்தினால் ஓர் அடி-பவுண்டு வேலை. அவள் எடை எண்பத்தெட்டு பவுண்டு. எண்பத்தெட்டைப் பதினாலால் பெருக்கினால் ஆயிரத்து இருநூற்று முப்பத்திரண்டு.

"இன்னா டீச்சரம்மா, லெட்டர் வந்ததுலேர்ந்து எயுதிக்கினே கீறே?" என்றாள் பன்னிரண்டாம் கட்டில் பச்சையம்மா. "பதிலா?"

"கணக்கு. எங்க ஸ்கூல் மாடி ஏற எவ்வளவு வேலைன்னு பார்க்கிறேன்."

"ஏறுறதுக்கு இன்னாத்துக்குக் கணக்கு? கால் இருந்தா ஏறு. மூச்சு வாங்கினா குந்து."

பச்சையம்மா முடிச்சூர்க்காரி. புருஷன் துளசிங்கத்துக்கு ரெண்டு காணி நிலமும் ஒரு ஜோடி மாடும் ஒரு வண்டியும். இருபத்தெட்டு வயசு இருக்கும். வார்டில் மதியம் ஒன்று முதல் மூன்று வரை யாரும் பேசக் கூடாது என்று சட்டம். அந்த இரண்டு மணி நேரமும் அவளுக்கு நரகம். தபீதாள் அவளுக்கு விளக்கிச் சொன்னாள். பாரத்தை எவ்வளவு உயரம் தூக்குகிறோமோ அதுதான் கணக்கு.

பச்சையம்மா யோசித்தாள். "அப்போ தலையில தண்ணிக் கொடத்த வெச்சிக்கினு கெணத்தாண்டயிருந்து வூட்டுக்கு நடக்கறேனே, அது?"

"குடத்தை இடுப்புலேர்ந்து தலைக்குத் தூக்கினியே, அது வேலை. அப்புறம் சமதரையில நடக்கிறப்போ குடம் உயரல. அதனால குடத்து மேல நீ செய்யற வேலை பூஜ்யம்."

பச்சையம்மா வாளியோடு நின்ற ஆயாவின் பக்கம் திரும்பினாள். "கேட்டியா கங்கம்மா. பத்து வருசமா எங்க மாமியாரும் இதையேதான் சொல்லிக்கினு கீது, நான் ஒரு வேலையும் செய்யிறதில்லன்னு. அது எந்தக் காலேஜுல பட்ச்சுதோ."

கங்கையம்மாள் சிரித்ததில் வாளித் தண்ணீர் தளும்பியது. தபீதாளும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து உதட்டை அசைத்தாள்.

அன்று சாயந்தரம் அவள் நோட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. ஆபரேஷன் முடிந்த புதிதில் அவள் எடை எண்பத்திரண்டு. அந்த எடைக்கு மாடி ஏற ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு. இப்போது முட்டையும் பாலும் கொடுத்துக் கொடுத்து ஆறு பவுண்டு ஏற்றியிருக்கிறார்கள். டாக்டர் சம்பந்தம் சனிக்கிழமை எடை பார்க்கும்போது, பலே டீச்சர், என்றுகூடச் சொன்னார். அந்த ஆறு பவுண்டுக்கு ஒவ்வொரு தடவை ஏறும்போதும் எண்பத்து நாலு அடி-பவுண்டு அதிகம். டைம்டேபிள்படி ஒரு நாளைக்கு நாலு தடவை ஏற வேண்டும். முந்நூற்று முப்பத்தாறு. பதினாறு பவுண்டு வாளியை இருபத்தோரு அடிக் கிணற்றிலிருந்து இழுப்பதற்குச் சமம். தினமும், ஒரு நுரையீரலை வைத்துக்கொண்டு.

சளியில் கிருமி இல்லை என்று இரண்டு தடவை வந்துவிட்டது. மூன்றாவது தடவையும் வந்து, எக்ஸ்ரேயும் சுத்தமாக இருந்தால் சான்றிதழ் கிடைக்கும் என்று அவள் நினைத்திருந்தாள். பிறகு மாடி ஏற வேண்டியதுதான் மிச்சம். அதற்குத் தன்னால் குறைக்கக்கூடியது எது என்று பார்த்தாள். பதினான்கு அடியைக் குறைக்க முடியாது.

மறுநாள் காலையில் சிஸ்டர் வார்டைச் சுற்றிப் போன பிறகு, தட்டிலிருந்த அவித்த முட்டையைப் பச்சையம்மாவிடம் நீட்டினாள்.

"இன்னா, ஒத்துக்கலியா?"

"குமட்டுது."

அதில் பொய் இல்லை. காசநோய்க்குக் கொடுக்கும் அந்தப் பாஸ் மருந்துப் பொடியைத் தினமும் முழுங்குகிறவர்களுக்கு எதைப் பார்த்தாலும் குமட்டும். பச்சையம்மா வாங்கிக்கொண்டாள். சாயந்தரப் பாலில் பாதியும் அவள் டம்ளருக்குப் போயிற்று. இப்படி ஆறு வாரம் நடந்தது. பச்சையம்மாவின் கன்னம் உப்பியது.

அதோடு தபீதாள் பயிற்சியும் எடுத்தாள். வார்டுக்குப் பின்னால், சவுக்கு மரங்களை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி ஒன்று; அதற்கு ஏறப் பன்னிரண்டு கருங்கல் படி. நடக்க அனுமதித்த நேரத்தில் அங்கே போவாள். மூன்று படி ஏறி நிற்பாள். எதிரே பச்சைமலையைப் பார்த்துக்கொண்டு மூச்சு அடங்கும்வரை காத்திருந்து, இன்னும் மூன்று படி. உச்சிக்குப் போனதும் நோட்டில் எழுதுவாள்: எடை, உயரம், வேலை. மெதுவாக ஏறினாலும் வேகமாக ஏறினாலும் வேலை ஒன்றுதான், அதில் சந்தேகமில்லை. அதனால் நேரத்துக்கு என்று அவள் கோடு போடவில்லை.

மறந்துவிட்டாள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு ஜூலையிலும் பெண்களின் கையில் ஸ்டாப் வாட்சைக் கொடுத்து அதே மாடிப்படியில் ஓடவிட்டு, வேலையை நேரத்தால் வகுத்து, உன் திறன் இவ்வளவு, குதிரையின் திறன் இவ்வளவு என்று போர்டில் எழுதிக் காட்டியவள் அவள்தான். கீழே ஒரு வகுப்பு முடிந்து மாடியில் அடுத்த வகுப்பு தொடங்க மூன்று நிமிஷம் என்பதும் தெரியும். தெரிந்த விஷயத்தை எழுதாமல் விட்டாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் மாதக் கடைசி வாரம், பார்வையாளர் நேரத்தில், கூட வேலை பார்க்கும் தையல் டீச்சர் ஜெயசீலி வந்தாள். கட்டிலிலிருந்து நாலடி தள்ளி நின்று, ஜலதோஷம் பிடித்த மாதிரி கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு பேசினாள். தபீதாள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. போன வருஷம், நோயாளியாக வருவதற்கு முன், இதே வார்டில் வேறொருவரைப் பார்க்க வந்தபோது தானும் அப்படித்தான் நின்றிருந்தாள்.

"எப்படியிருக்கா அந்த அபிதகுஜாம்பாள்?"

"எம்.எஸ்ஸி. இல்லையாக்கா? நைலக்ஸ் புடவை. படியை ரெண்டு ரெண்டா தாண்டிப் போறா." ஜெயசீலி கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டாள். "பிள்ளைங்களுக்குப் பிடிச்சிருக்கு. பொய் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு இல்ல."

"சொல்லு."

"உங்க ரூமுக்குச் சுண்ணாம்பு அடிக்கணும்னு ஹெச்.எம். ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டினாங்க. ஜூன் ஆறு வரைக்கும் தொட வேண்டாம்னு நான்தான் சொன்னேன். நீங்க சான்றிதழை மட்டும் கொண்டு வாங்கக்கா. அதுக்கு மேல யாரும் ஒண்ணும் பண்ண முடியாது."

"வந்துருவேன்," என்றாள் தபீதாள். ஜெயசீலி இரண்டு மாம்பழத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, தொட்டு விடைபெறலாமா என்று யோசித்து, தொடாமல் போனாள்.

அடுத்த சனிக்கிழமை ஏப்ரல் முப்பது. மாதம் ஒரு தடவை எடை பார்க்கிற நாள். வராந்தாவில் நிற்கிற அந்தத் தராசுக்குப் பித்தளைத் தண்டு. அதில் குண்டை நகர்த்தி நகர்த்தித் தண்டு சமமாக நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். அன்றைக்கு டாக்டர் குண்டை எண்பத்தெட்டில் வைத்தார். தண்டு கீழே சாய்ந்தே கிடந்தது. எண்பத்தாறில் வைத்தார். எண்பத்து நாலில்தான் நிமிர்ந்தது.

"என்ன டீச்சர் இது?"

தபீதாள் தராசிலிருந்து இறங்கினாள்.

"மூணு தடவையும் சளி சுத்தம். எக்ஸ்ரேயும் நல்லாயிருக்கு. இந்நேரம் நீங்க தொண்ணூத்தி ரெண்டு இருக்கணும். சாப்பிடறீங்கதானே?"

"சாப்பிடறேன் டாக்டர்."

சம்பந்தம் அட்டையில் ஏதோ எழுதினார். அதிகம் பேசாத மனிதர். "உங்க ஸ்கூல் விஷயம் தெரியும். மே இருபத்தெட்டு வரைக்கும் பார்க்கலாம். அன்னைக்குத் தராசு தொண்ணூறு காட்டணும். அப்புறம் ஆபீஸ் மாடிப் படியை நிக்காம ஒரு தடவை ஏறிக் காட்டணும். ரெண்டும் சரியா இருந்தா அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

கட்டிலுக்குத் திரும்பியதும் பச்சையம்மா கேட்டாள், "இன்னா சொன்னாரு?"

தபீதாள் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், முட்டை ஏன் கொடுத்தாள் என்பதையும், ஒரு பவுண்டுக்குப் பதினான்கு என்பதையும். வாத்தியார்கள் விடை சொல்கிற குரலில், மேடு பள்ளம் இல்லாமல் சொல்லி முடித்தாள்.

பச்சையம்மாவுக்கு முகம் மாறிவிட்டது. "குமட்டுதுன்னு சொன்னியே. அதான் துன்னேன். இல்லாங்காட்டி தொட்டிருப்பேனா?" எழுந்து உட்கார்ந்தாள். "ஏன் டீச்சரம்மா, இவ்ளோ பட்ச்சிருக்கியே. மாடு எளச்சா வண்டி லேசாவுமா?"

தபீதாள் அவளைப் பார்த்தாள்.

"எங்க வூட்டாண்ட ஒருத்தன் அப்படித்தான். வண்டியில பாரத்தக் கொறைக்க மாட்டான், மாட்டுக்குத் தீனியக் கொறைப்பான். படப்பை மேட்டுல பாதியில நின்னுச்சு பாரு, வண்டி பின்னால உருண்டு கால்வாய்ல கவுந்துச்சு."

பச்சையம்மா சொன்ன பிறகுதான் அது இவ்வளவு எளிது என்று தெரிந்தது. பாரம் என்று அவள் எழுதி வைத்த எண்பத்தெட்டும், பாரத்தை இழுக்கிற எண்பத்தெட்டும் ஒன்றே. சுமையைக் குறைப்பதாக நினைத்து இழுக்கிற மாட்டைக் குறைத்திருக்கிறாள். எஸ்.எஸ்.எல்.சி. பெண் ஒருத்தி பரீட்சையில் இதை விட்டிருந்தால் இரண்டு மதிப்பெண் குறைத்து, ஆற்றல் எங்கிருந்து வருகிறது, என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியிருப்பாள். வெட்கப்பட வேண்டும் என்று தோன்றியது. வெட்கம் வரவில்லை. நாலு வாரத்தில் ஆறு பவுண்டு என்று மட்டும் தோன்றியது.

அன்றிலிருந்து பச்சையம்மா அவள் முட்டையைத் தொடவில்லை. தன் முட்டையையும் உரித்து நீட்டினாள். "துன்னு. வாயத் தெற." பாதித் தொண்டையில் நின்றதைத் தண்ணீர் விட்டு இறக்கினாள் தபீதாள். மூன்று நாளைக்கு ஒரு நாள் எல்லாம் வெளியே வந்துவிடும். உடம்பு மறுத்துப் பழகிவிட்டது. மே இருபத்தேழு வெள்ளிக்கிழமை மத்தியானம், யாரும் இல்லாத நேரம் பார்த்து, அவளே போய்த் தராசில் ஏறிக் குண்டை நகர்த்தினாள். எண்பத்தாறு.

"நாலு பவுண்டுதானே," என்றாள் பச்சையம்மா. "இதுக்கா பேஜாரு? நான் வந்த புச்சுல, வூட்டுக்குப் போய் வர லீவு குடுப்பாங்கன்னு சொல்லி எடைக்கு முன்னால ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சிட்டுப் போய் நிப்பேன். முப்பத்தி ரெண்டாம் கட்டிலுக்காரி மடியில கல்லு கட்டிக்கினு போவா. ஊர் ஒலகத்துல எல்லாரும் பண்றதுதான்."

தபீதாளுக்குத் தெரியும். வார்டில் அது ரகசியமே இல்லை. பள்ளிக்கூடத்திலும் இதே கதைதான். ஊசல் ஆடும் நேரத்தை அளந்து கணக்கிடச் சொன்னால், சில பெண்கள் ஊசலைப் பார்க்கவே மாட்டார்கள். புத்தகத்தில் இருக்கும் விடையை எடுத்துப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு அளவுகளை எழுதிக்கொண்டு வருவார்கள். ஒவ்வொன்றும் அச்சடித்தது போல் சரியாக இருக்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவாள். நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது, பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியிருந்தால்கூட மன்னித்திருப்பேன், என்பாள்.

"கல்லு எங்க கிடைக்கும்?" என்று கேட்டாள்.

வார்டு நடைபாதையில் பல்லாவரத்துக் கருங்கல் ஜல்லி பரப்பியிருந்தது. பச்சையம்மா சாயந்தரம் நடக்கப் போனவள் முந்தானை நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். ஒரு துண்டில் கொட்டி, கையில் தூக்கித் தூக்கிப் பார்த்து, இரண்டு கல்லை எடுத்துப் போட்டு, ஒன்றை மறுபடியும் வைத்தாள். "நாலு. ஒரு குண்டுமணி கூடாது, கொறையாது." சத்தம் வராதபடி இறுகச் சுருட்டி, புடவைக்கு உள்ளே, இடது விலாப் பக்கமாகக் கட்டிவிட்டாள். உணர்ச்சி இல்லாத பக்கம். கல் குத்துவதே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை டாக்டர் குண்டைத் தொண்ணூறில் வைத்தார். தண்டு மெல்ல எழுந்து, ஆடி, சமமாக நின்றது.

"அப்படிப் போடுங்க," என்றார். அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தாள். "நாலு வாரத்துல ஆறு பவுண்டு. வாங்க, மாடியையும் முடிச்சிடுவோம். பெல்லுக்கும் பெல்லுக்கும் நடுவுல உங்க ஸ்கூல்ல எவ்வளவு நேரம்?"

"மூணு நிமிஷம்."

"அப்ப நிக்காம ஏறுங்க. அவசரம் வேண்டாம். நிக்கவும் வேண்டாம்."

ஆபீஸ் கட்டடத்தின் மாடிக்கு இருபத்திரண்டு படி. சிஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் ஏறினாள். டாக்டர் மூன்று படி பின்னால் வந்தார். முதல் எட்டுப் படி ஒன்றும் செய்யவில்லை. ஒன்பதாவது படியில் கைப்பிடிச் சுவரைத் தொட்டாள். மூச்சு நன்றாகத்தான் இருந்தது. மூச்சைப் பற்றித்தானே இத்தனை நாளும் பயம். பன்னிரண்டாவது படியில் தொடை நடுங்கத் தொடங்கியது. யாருடைய காலோ நடுங்குவதுபோல் அவள் அதைக் கவனித்தாள். பதினாலு. பதினைந்து. பதினாறாவது படிக்குக் காலைத் தூக்கினாள். கால் எழுந்தது, உடம்பு எழவில்லை. அப்படியே பக்கவாட்டில் சரிந்து படியில் உட்கார்ந்துவிட்டாள்.

சிஸ்டர் நாடியைப் பிடித்தாள். "நூத்தி நாப்பது டாக்டர்."

சம்பந்தம் குனிந்து அவள் கண்ணை இழுத்துப் பார்த்தார். வலது முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார். பிறகு சிஸ்டரிடம், தபீதாள் அங்கே இல்லாத மாதிரி தணிந்த குரலில் சொன்னார்.

"எடை இவ்வளவு ஏறியிருக்கு, பலம் ஒண்ணுமே ஏறலை. இது சரியில்ல. உடம்புல நீர் கோக்குதோ என்னவோ. இல்ல, வலது பக்கம் புதுசா ஆரம்பிக்குது. நாளைக்கே எக்ஸ்ரே எடுங்க. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி மறுபடியும் தொடங்கணும். முழுப் படுக்கை, ஆறு மாசத்துக்கு. ஆபரேஷன் டாக்டருக்கும் ஒரு சீட்டு எழுதறேன்."

அவர் சொன்னது அத்தனையும் சரி. கொடுத்த அளவுகளை வைத்துக்கொண்டு எந்தக் கெட்டிக்காரரும் அப்படித்தான் முடிவுக்கு வருவார். தப்பு அளவில் இருந்தது. தபீதாள் புடவைக்குள் கையை விட்டு முடிச்சை அவிழ்த்தாள். விரல் வழுக்கியது. துண்டைச் சுருளோடு எடுத்துப் படியில் வைத்தபோது அது தானாகப் பிரிந்து, ஜல்லி இரண்டு மூன்று படி கீழே உருண்டு போய் நின்றது.

"எண்பத்தாறு டாக்டர்," என்றாள். "தொண்ணூறு இல்ல. வலது பக்கம் ஒண்ணும் இருக்காது."

சிஸ்டர் வாயில் கையை வைத்துக்கொண்டாள். சம்பந்தம் உருண்டு போன கற்களைப் பொறுக்கி வந்து துண்டில் போட்டு, கையில் தூக்கிப் பார்த்தார்.

"முன்னால எண்பத்தெட்டு இருந்தீங்களே. அது ஏன் குறைஞ்சுது? அதுக்கும் ஏதாவது காரணம் இருக்கா?"

சொன்னாள். முட்டை, பால், இருபத்து நாலு படி, பதினான்கு அடி, ஒரு நாளைக்கு நாலு தடவை. தொட்டிப் படியையும் சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் அவளுக்குக் கீழே ஒரு படியில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"பெருக்கல் எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் கடைசியில். "நான் இதுல கையெழுத்துப் போட முடியாது டீச்சர்."

"தெரியும்."

"ஆகஸ்ட்டுல பார்க்கலாம். சாப்பிட்டா வந்துடும். நோய் போயிடுச்சு. இது நோயில்ல."

ஸ்ட்ரெச்சர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இறங்கும்போது சிஸ்டரின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அன்றைக்கே தலைமையாசிரியைக்கு எழுதினாள். எடை எண்பத்தாறு, ஏறிய படி பதினைந்து, சான்றிதழ் கிடைக்கவில்லை, எடை குறைந்ததற்குக் காரணம் என் சொந்தத் தவறு, நோய் அல்ல. சாமான்கள் இரண்டு டிரங்குப் பெட்டியும் ஒரு நாற்காலியும்தான். ஜெயசீலியின் அறையில் வைத்துக்கொள்ள அனுமதிக்கவும். பதில் ஜூன் ஏழாம் தேதி வந்தது. பெட்டிகளை வைத்துக்கொள்ளலாம். தங்கள் பதின்மூன்று வருட சேவையை நிர்வாகம் நன்றியோடு நினைக்கிறது.

மடித்து உறையில் வைத்தாள். பச்சையம்மா படிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. படிக்கத் தெரியாதவளுக்கும் அந்த அளவு கடிதம் என்ன சொல்லும் என்று தெரியும்.

பச்சையம்மாவை அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தார்கள். அவள் தகரப் பெட்டியில் துணியை அடுக்கிக்கொண்டே, பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். "எங்க ஊர்ல பஞ்சாயத்து ஸ்கூலு ஒண்ணு கீது. எட்டாவது வரைக்கும். சயின்ஸு வாத்யாரு யாரும் நிலைக்க மாட்டேன்றாங்க, பஸ்ஸு கெடையாதுன்னுட்டு. போன வருசம் ஒருத்தன் வந்தான். மய வந்து ரோடெல்லாம் சேறாச்சு, செருப்பக் கையில எடுத்துக்கினு போனவன்தான்."

"தாம்பரத்துலேர்ந்து எவ்வளவு தூரம்?"

"மூணு மைலு. எங்க வண்டி தெனிக்கும் மார்க்கெட்டுக்கு வருது, காலியாத்தான் திரும்புது. ஒத்த ரூம்பும் இருக்கு, ஸ்கூலுக்குப் பின்னால. பூட்டிக் கெடக்குது. பல்லி இருக்கும்."

சவுக்கு மரங்களுக்கு அப்பால் ஒரு ரயில் போய்க்கொண்டிருந்தது.

"ஹெட்மாஸ்டர் பேரு என்ன?"

"முனிரத்தினம். நல்ல மனுசன். கொஞ்சம் காது மந்தம், அதனால எயுதியே போடு."

நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்து எழுத ஆரம்பித்தாள். மதிப்பிற்குரிய ஐயா. படிப்பு, வருஷம், பாடம் எல்லாம் எழுதினாள். பச்சையம்மா பெட்டியை மூடிவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"இன்னா எயுதினே? படி, கேப்போம்."

தபீதாள் படித்தாள். கடைசி வரிக்கு வந்தாள். "தற்போது என் எடை எண்பத்தேழு பவுண்டு. ஆகஸ்டு மாதம் வரை மருத்துவமனையில் இருப்பேன். என்னால் மாடி ஏற இயலாது."

"அங்க மாடியே கெடையாதுன்னு சொல்றேன். அத எதுக்கு எயுதுறே? வேலை குடுக்கிறவன் யோசிக்க மாட்டானா?"

"யோசிக்கட்டும்," என்றாள் தபீதாள். தாளை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தாள்.